ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிடச் சொல்லும் முன்…



ஜனவரி, பிப்ரவரி வந்தால் இங்கே அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு படிவம் வந்து சேரும். அடுத்த ஆண்டு ஹைஸ்கூலில் என்னென்ன பாடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்கும் படிவம். கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ், சரித்திரம், ஏதாவது ஒரு மொழி. இதிலெல்லாம் பெரிய விவாதம் இருக்காது. எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்ற கட்டத்துக்கு வரும்போதுதான் வீட்டில் பேச்சு சூடு பிடிக்கும்.

"மிடில் ஸ்கூல் முழுக்க வாசிச்சாச்சே, போதாதா?"

"அந்த ஒரு பீரியடில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமே!"

"ஆர்கெஸ்ட்ராவுக்கு வெயிட்டேஜ் கிடையாதாம். ஜிபிஏ இறங்கிடுமாம்."

நியூஜெர்சியோ, டெக்சஸோ, கலிஃபோர்னியாவோ, நம் வீடுகளில் இந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை நன்றாக வரவேண்டுமே என்ற கவலையில் பேசுகிறோம். அந்தக் கவலையை மதித்துத்தான் இந்த மாதம் இதை எழுத உட்கார்ந்தேன். ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிடு என்று சொல்வதற்கு முன்னால் நாம் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம்.

முதலில் மார்க் கணக்கையே பார்த்துவிடுவோம். பல பள்ளிகளில் ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடத்தில் ஏ கிரேடு வாங்கினால் 5 புள்ளி. சாதாரணப் பாடத்தில் ஏ வாங்கினால் 4 புள்ளி. ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் சாதாரணப் பாடம். அதில் முழு மதிப்பெண் வாங்கினாலும் சராசரி ஒரு நூல் கீழே இறங்கும். இது உண்மை. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

டெக்சஸ் வாசகர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று 1997-இல் அங்கே சட்டம் வந்தது. ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு அந்த வாசல் இன்னும் குறுகலானது. அங்கே ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் விலை உண்டு.

அதனால்தான் பல வீடுகளில் ஒரு நடுவழி கண்டுபிடிக்கிறார்கள். டெக்சஸில் பட்டம் பெற நுண்கலையில் ஒரு கிரெடிட் போதும். கலிஃபோர்னியாவில் யுசி பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ஓர் ஆண்டு கலைப் பாடம் போதும். "ஒன்பதாவதில் முடிச்சுடு, பத்தாவதிலிருந்து விட்டுடு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் ஆர்கெஸ்ட்ரா என்பது ஒரு கிரெடிட்டாக மட்டும்தான் வருகிறது. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது இதில் வரவே இல்லை.

நாம் ஊரில் படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு என்றால் அதே அறை, அதே பெஞ்ச், அதே முகங்கள். வாத்தியார்கள்தான் பீரியடுக்குப் பீரியட் மாறி வருவார்கள். பக்கத்தில் உட்காருபவன் ஆண்டு முழுவதும் பக்கத்திலேயே இருப்பான். சண்டை போட்டாலும் மறுநாள் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும், சமாதானமாகித்தான் தீர வேண்டும். இன்றைக்கும் வாட்ஸப்பில் அந்த வகுப்பின் குழு உயிரோடு இருக்கிறது. ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் இருபது பேர் விசாரிக்கிறார்கள்.

அமெரிக்க ஹைஸ்கூலில் இந்த ஏற்பாடு தலைகீழ். ஆசிரியர் தன் அறையிலேயே இருப்பார். மணி அடித்ததும் பிள்ளைகள்தான் பையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடுவார்கள். முதல் பீரியடில் பக்கத்தில் இருந்தவள் இரண்டாம் பீரியடில் இருக்க மாட்டாள். அடுத்த ஆண்டு எல்லாரையும் கலைத்துப் போட்டுவிடுவார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளியில், ‘என் வகுப்பு’ என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாமல் ஒரு பிள்ளை நான்கு ஆண்டுகளையும் ஓட்டிவிட முடியும்.

நாம் இதை எளிதில் கவனிப்பதில்லை. நமக்குத் தானாகக் கிடைத்தது அவர்களுக்குத் தானாகக் கிடைப்பதில்லை என்று நமக்குத் தோன்றுவதில்லை. "ஏன் இவன் ஃப்ரெண்ட்ஸ் பற்றிப் பேசவே மாட்டேங்கிறான்?" என்று கவலைப்படுகிறோம். எங்கே போய் அவன் நண்பர்களைத் தேடுவான்?

ஆர்கெஸ்ட்ரா எடுக்கும் பிள்ளைக்கு அந்த ‘என் வகுப்பு’ கிடைக்கிறது. ஒன்பதாவதில் பார்த்த அதே டைரக்டர் (ஆர்கெஸ்ட்ரா ஆசிரியர்) பன்னிரண்டாவதிலும் இருக்கிறார். அதே அறை. ஏறக்குறைய அதே நண்பர்கள். நான்கு ஆண்டுகள். பேண்டுக்கும், கொயருக்கும், நாடகத்துக்கும் இதே சிறப்பு உண்டு. நம் வீடுகளில் அதிகம் இருப்பது வயலின் பெட்டிகள் என்பதால் ஆர்கெஸ்ட்ராவை எடுத்துக்கொண்டேன்.

அந்த அறைக்குள் போய்ப் பார்ப்போமா?

பெரும்பாலான பள்ளிகளில் இது தந்திக் கருவிகளின் குழு. வயலின் இரண்டு பிரிவு, வியோலா, செல்லோ, டபுள் பேஸ். சில கச்சேரிகளுக்கு மட்டும் பேண்டிலிருந்து புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட், டிரம்ஸ் எல்லாம் வந்து சேர, முழு சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆகும். முதல் வேலை சுருதி சேர்ப்பது. ‘ஏ’ என்ற ஒரே ஸ்வரம், நொடிக்கு 440 அதிர்வு. அத்தனை பேரும் அந்த ஒன்றில் வந்து சேர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். அதில் ஒரே ஒரு இசைத் தாள். பார்வையாளர் பக்கம் உட்காருபவர் நிறுத்தாமல் வாசிப்பார். உள்பக்கம் இருப்பவர் தாளைப் புரட்ட வேண்டும். புரட்டுவதற்காகத் தன் ஸ்வரங்களில் சிலவற்றை அவர் விட்டுக்கொடுப்பார். ஒரு பிள்ளை ஒரு ஆண்டு முழுவதும் வாரத்தில் பல நாள் இன்னொரு பிள்ளைக்காக இதைச் செய்கிறது! இதைக் கற்றுக்கொடுக்க வேறு எந்தப் பாடத்தில் இடம் இருக்கிறது?

அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரை ஸ்டாண்ட் பார்ட்னர் என்பார்கள். ‘என் ஸ்டாண்ட் பார்ட்னர்’ என்று பிள்ளைகள் சொல்லும்போது அதில் ஓர் உரிமை இருக்கும். எந்த இடத்தில் இவன் தடுமாறுவான் என்று அவனுக்குத் தெரியும். எந்த இடத்தில் அவன் வேகமாக ஓடிவிடுவான் என்று இவனுக்குத் தெரியும். ஒருவருடைய பென்சில் தொலைந்தால் மற்றவர் பென்சில்தான் இருவருக்கும். வில் மேலே போக வேண்டுமா, கீழே வர வேண்டுமா என்று பிரிவின் தலைவர் முடிவு செய்ததைத் தாளில் குறித்துக்கொண்டே ஆகவேண்டும். எல்லா வில்லும் ஒரே திசையில் போக வேண்டும்.

வியோலாவுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. டைரக்டர் வயலின் வாசிக்கும் பிள்ளைகளில் ஒருவரிடம் மெல்லக் கேட்பார். குழுவுக்குத் தேவை என்பதற்காக, பழகிய கருவியைக் கீழே வைத்துவிட்டு, தெரியாத ஸ்வரக் குறியீட்டை முதலிலிருந்து படித்து, வியோலாவுக்கு மாறும் பிள்ளைகள் உண்டு. டபுள் பேஸைத் தனியாகத் தூக்க முடியாத ஒன்பதாம் வகுப்புச் சிறுவனுக்கு, யாரும் சொல்லாமலே ஒரு சீனியர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நாற்காலி அடுக்க ஒரு குழு, தாள்களைப் பிரித்துக் கொடுக்க ஒரு லைப்ரேரியன், புதியவர்களை வரவேற்க ஒரு தலைவர் என்று பொறுப்புகளையும் பல பள்ளிகளில் மாணவர்களே ஏற்கிறார்கள்.

நடுவில் பெரியவர்கள் இல்லாமலும் வேலை நடக்கும். செக்‌ஷனல் என்று சொல்வார்கள். செல்லோக்காரர்கள் மட்டும் தனி அறைக்குப் போய், மூத்த மாணவர் சொல்லிக்கொடுக்க, கஷ்டமான எட்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். பதினேழு வயதுப் பெண் பதினான்கு வயதுப் பையனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுப்பதை வேறு எந்த வகுப்பில் பார்க்க முடியும்? இங்கே கணக்கிலும் சயின்ஸிலும் ஒன்பதாவதும் பன்னிரண்டாவதும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் வாய்ப்பு அரிது.

மதிய இடைவேளையை மறந்துவிட வேண்டாம். ஹைஸ்கூல் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு நாளில் மிகக் கடினமான அரைமணி நேரம் எது என்று. பலர் பரீட்சையைச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டோடு நின்று எங்கே உட்காருவது என்று தேடும் அந்த நேரத்தைத்தான் சொல்வார்கள். பல பள்ளிகளில் ஆர்கெஸ்ட்ரா அறையின் கதவு மதியம் திறந்தே இருக்கும். டப்பாவைத் திறந்தால் சாம்பார் வாசனை வருகிறதே என்று கூச்சப்படாமல் சாப்பிட அங்கே ஓர் இடம் உண்டு.

வேலை மாற்றலால் பாதி ஆண்டில் ஊர் மாறும் குடும்பங்கள் நம்மிடையே எவ்வளவு! டல்லஸிலிருந்து சியாட்டில், சியாட்டிலிலிருந்து சார்லட். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புதிய அலுவலகத்தில் ஒரு மேஜை காத்திருக்கிறது. பிள்ளைக்கு? வயலின் வாசிக்கும் பிள்ளைக்குப் புதிய பள்ளியில் முதல் நாளே ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாண்ட், ஒரு பக்கத்து ஆள் எல்லாம் கிடைத்துவிடும். அந்த நாற்காலியை அதற்குத் தேடிக் கொடுப்பது அந்த ஒரு பீரியட்தான்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் செய்வதில் பெரும்பகுதி தனி ஆட்டம். ஸ்பெல்லிங் பீ தனி ஆள். மேத் போட்டி பெரும்பாலும் தனி ஆள். அரங்கேற்றம் தனி ஆள். மேடையில் நம் பிள்ளை தனியாகத் தெரிய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அதில் தவறும் இல்லை. அந்த உழைப்பு பெரியது.

ஆர்கெஸ்ட்ராவில் மட்டும் நம் பிள்ளையின் சத்தம் தனியாகக் கேட்காது. கேட்டால்தான் தப்பு! இரண்டாவது வயலின் பிரிவில் கடைசி ஸ்டாண்டில் இருக்கும் பிள்ளை, தன் சத்தத்தைப் பக்கத்துச் சத்தத்தோடு கலக்கப் பழகுகிறது. தான் சரியாக வாசித்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவரும் சரியாக வாசித்தால்தான் பாட்டு சரியாகும் என்று அதற்குப் புரிந்துவிடுகிறது. பக்கத்து ஆள் தோற்றால் தனக்கு லாபம் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. வேலைக்குப் போன பிறகு, குடும்பம் என்று ஆன பிறகு, நாம் எல்லாரும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அல்லவா இது?

நாற்காலிக்குப் போட்டி அங்கேயும் உண்டு. தேர்வு வைத்து முதல் நாற்காலி, இரண்டாம் நாற்காலி என்று பிரிப்பார்கள். எதிர்பார்த்த இடம் கிடைக்காமல் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வரலாம். ஆனால் மறுநாள், தன்னை முந்தியவளோடு சேர்ந்து அதே பாட்டை வாசிக்க வேண்டும். தோல்வியை அடுத்த நாளே நட்போடு கடந்துவரும் பயிற்சி அது. சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்பதை டெக்சஸில் நடக்கும் ஆர்கெஸ்ட்ரா போட்டிகளில் இன்னும் அழகாகப் பார்க்கலாம். முன்பின் பார்த்திராத ஓர் இசைத் தாளை எல்லார் முன்னும் வைப்பார்கள். டைரக்டர் விளக்கிச் சொல்லச் சில நிமிடங்கள் மட்டும் கிடைக்கும். அந்த நேரத்தில் யாரும் வாசித்துப் பார்க்கக் கூடாது. பிறகு எல்லாரும் சேர்ந்து அதை முதல் தடவையாக வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவரையொருவர் நம்புவதைத் தவிர வேறு வழியே இல்லை.

"பள்ளி ஆர்கெஸ்ட்ராதானே, அதில் என்ன பெரிய சங்கீதம்?" என்று சிலர் நினைக்கலாம். பெரிய இசையமைப்பாளர்கள் அப்படி நினைக்கவில்லை. ‘தி பிளானட்ஸ்’ எழுதிய கஸ்டவ் ஹோல்ஸ்ட் லண்டனில் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தார். அந்தப் பள்ளி மாணவிகளின் ஆர்கெஸ்ட்ராவுக்காக அவர் எழுதிய ‘செயின்ட் பால்ஸ் ஸூட்’ இன்றைக்கும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் பலர் அதை வாசித்திருப்பார்கள். நியூயார்க்கில் மேயர் லாகார்டியா 1936-இல் இசைக்கும் ஓவியத்துக்கும் என்றே ஓர் அரசு ஹைஸ்கூலைத் தொடங்கினார். அந்தப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவுக்காக ஆரன் கோப்லண்ட் 1938-இல் ‘ஆன் அவுட்டோர் ஓவர்ச்சர்’ எழுதிக் கொடுத்தார்.

இந்த நாட்டில் ஹைஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவுக்கு நூறாண்டு வேர் இருக்கிறது. ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர் 1926-இல் பல மாநிலங்களிலிருந்து ஹைஸ்கூல் மாணவர்களைத் திரட்டி, டெட்ராய்ட் நகரில் ஒரு தேசிய ஆர்கெஸ்ட்ராவாக வாசிக்க வைத்தார். நாட்டின் இசை ஆசிரியர்கள் கூடியிருந்த மாநாடு அது. பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு அவர்கள் அசந்துபோனார்கள். அந்த உற்சாகத்தில்தான் 1928-இல் மிச்சிகனில் இன்டர்லாக்கன் கோடை முகாம் பிறந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தால் என்ன செய்ய முடியும் என்று நூறாண்டுக்கு முன்பே ஒருவர் காட்டிவிட்டார்.

சரி, படிப்பு? அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த மாகாணத்தின் அரசுப் பள்ளிகளில் படித்த 1,12,000-க்கும் அதிகமான மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். இசைப் பாடம் எடுத்த பிள்ளைகள் கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ் மூன்றிலும் மேலே இருந்தார்கள். கருவி இசையில் ஆழ்ந்து ஈடுபட்டவர்கள் சராசரியாக ஓர் ஆண்டுக்கும் மேல் முன்னால் இருந்தார்கள். குடும்பப் பின்னணி, ஏழாம் வகுப்பு மதிப்பெண் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

இசை படித்ததால்தான் மார்க் ஏறியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆர்கெஸ்ட்ரா படிப்பைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை. கல்லூரி விண்ணப்பத்திலும் நான்கு ஆண்டுகள் ஒன்றை விடாமல் செய்தது தெரியும். பல கல்லூரிகள் ஜிபிஏவைத் தங்கள் வழியில் திரும்பக் கணக்கிடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளியின் கவுன்சிலரிடமே நேரில் கேளுங்கள். சில பள்ளிகளில் மேல்நிலை ஆர்கெஸ்ட்ராவைக் கூடுதல் புள்ளி தரும் ஆனர்ஸ் பாடமாக எடுக்கும் வசதியும் இருக்கிறது. கேட்பவர்களுக்குத்தான் அது தெரியவருகிறது.

விண்ணப்பத்துக்காக மட்டும் வாசிக்கச் சொல்லவும் வேண்டாம். அப்படி வாசிக்கும் பிள்ளை அந்த அறையில் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது கணக்கு ஆன்லைனில் நடந்தது, சரித்திரம் நடந்தது. ஆர்கெஸ்ட்ரா நடக்க முடியவில்லை. ஜூமில் சத்தம் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாகப் போய்ச் சேரும். பேசுவதற்கு அது பொருட்டில்லை. சேர்ந்து வாசிக்க முடியவே முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் படுக்கையறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தன் பகுதியைத் தனியாகப் பதிவு செய்து அனுப்பியது. அவற்றையெல்லாம் கோர்த்து ஒரு வீடியோ ஆக்கினார்கள். நாம் பெருமையோடு பார்த்தோம், பகிர்ந்தோம். பிள்ளைகளைக் கேட்டால், "இது ஆர்கெஸ்ட்ரா இல்லை" என்றார்கள். ஸ்வரங்கள் எல்லாம் இருந்தன. பக்கத்தில் ஆள் இல்லை. அவர்களுக்கு எது முக்கியம் என்று அந்த ஆண்டு நமக்குத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சனிக்கிழமை கர்நாடக வயலின் வகுப்பு, திங்கள் முதல் வெள்ளி வரை ஆர்கெஸ்ட்ரா. "இரண்டும் எதற்கு? குழப்பம்தானே?" என்று கேட்கிறார்கள். ஒன்றில் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்க வேண்டும். இன்னொன்றில் நாற்காலியில் நிமிர்ந்து, தோளில் தாங்க வேண்டும். ஒன்றில் ஸ-ப-ஸ-ப என்று தந்தி கூட்டுகிறோம். இன்னொன்றில் ஜி-டி-ஏ-ஈ. ஒன்றில் விரல் தந்தியின்மேல் வழுக்கி கமகம் பிறக்க வேண்டும். இன்னொன்றில் விரல் சரியான இடத்தில் போய் நின்றாக வேண்டும்.

பிள்ளைகளுக்கு இது நாம் பயப்படும் அளவுக்குச் சிரமமாக இருப்பதில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசிப் பழகியவர்கள்தானே? அதோடு, வயலினே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கிலிருந்து நம்மிடம் வந்த கருவிதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை மேற்கத்திய முறையில் கற்று, நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அவர் ஒரே கருவியில் இரண்டு இசையையும் அறிந்தவர். நம் பிள்ளைகளும் அப்படி இருக்கட்டுமே!

"எங்களுக்கு வெஸ்டர்ன் மியூசிக் ஒண்ணும் தெரியாதே, கச்சேரிக்கு வந்து என்ன செய்ய?" என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வானொலியில் கேட்டு வளர்ந்தோமே, இளையராஜா பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே எழுந்து வரும் அந்த வயலின் கூட்டம்! அதுவும் இப்படித்தான், பல பேர் ஒரே தாளைப் பார்த்து, ஒரே திசையில் வில் இழுத்து உண்டாக்கிய சத்தம். 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய சிம்ஃபனியை வாசித்தபோது நாம் எல்லாரும் நெஞ்சு நிமிர்ந்தோம். அந்தக் காது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பள்ளிக்கூட அரங்குக்கும் கொண்டு போங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருவியை முதலிலேயே வாங்க வேண்டியதில்லை. வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளை வளர வளர முக்கால் அளவிலிருந்து முழு அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பல கடைகளில் கட்டிய வாடகையில் ஒரு பகுதியைப் பின்னால் விலையில் கழித்துக்கொள்வார்கள். செல்லோவும் பேஸும் பல பள்ளிகளிடமே இருக்கும். வயலினுக்குக்கூட வசதி இல்லை என்றால் டைரக்டரிடம் தயங்காமல் பேசுங்கள். யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு செய்து கொடுப்பதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. தனி வகுப்பு கட்டாயமில்லை. கச்சேரிக்குக் கறுப்பு உடை, கறுப்பு ஷூ. மூத்த பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போனவை வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இதெல்லாம் தானாக நிலைத்து நிற்பதில்லை. 1991-இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் நடந்துவந்த வயலின் வகுப்புகளுக்கான பணம் நிறுத்தப்பட்டது. ஆசிரியை ராபர்டா குவஸ்பாரி சும்மா இருக்கவில்லை. பெற்றோர்கள் உடன் நின்றார்கள். 1993-இல் கார்னெகி ஹாலில் நிதிக்கான கச்சேரி. ஐசக் ஸ்டெர்ன், இட்ஷாக் பெர்ல்மன் போன்ற மேதைகளோடு ஒரே மேடையில் அந்தப் பிள்ளைகள் வாசித்தார்கள். வகுப்புகள் பிழைத்தன. 1999-இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்து ‘மியூசிக் ஆஃப் தி ஹார்ட்’ என்று படமாகவும் வந்தது. 2015-இல் வந்த தேசியக் கல்விச் சட்டம், முழுமையான கல்வியின் பகுதிகளில் ஒன்றாக இசையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சட்டத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் உள்ளூர் பட்ஜெட்டில் பணம் குறையும்போது எதை வெட்டலாம் என்று முடிவெடுப்பது நம் ஊர் ஸ்கூல் போர்டு. அந்தக் கூட்டங்களில் நம் முகங்கள் எத்தனை தெரிகின்றன?

பூஸ்டர் கிளப் என்று பெற்றோர் குழு பல பள்ளிகளில் இருக்கிறது. பயணத்துக்குப் பணம் திரட்டுவது, போட்டி நாளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது, கறுப்பு உடைகளை அளவு பார்த்துப் பிரிப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப் பரிமாறும் நமக்கு இது கைவந்த வேலை. அங்கேயும் போய் நில்லுங்கள். பிள்ளைகளுக்குக் கிடைப்பது போலவே நமக்கும் அங்கே ஊர் மக்களோடு ஒரு பழக்கம் உண்டாகும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். பிள்ளைக்கே விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். வேறு ஒரு குழுவில், ரோபாட்டிக்ஸிலோ, நாடகத்திலோ, விளையாட்டிலோ மனம் போனால் அதுவும் நல்லதே. நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை விரும்பிப் போகும் இடத்திலிருந்து தசமப் புள்ளிக்காக இழுக்காதீர்கள். "உனக்கு ஆர்கெஸ்ட்ரா பிடிக்குமா?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். அந்த வயது அப்படி. "உன் ஸ்டாண்ட் பார்ட்னர் யார்? அவர் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பயிற்சி நேரத்தில் டிவி சத்தத்தைக் குறையுங்கள். "தனியாக வாசித்தால் பாட்டு மாதிரியே இல்லையே" என்று சொல்லாதீர்கள். இரண்டாவது வயலினின் பகுதி தனியாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும், அது மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறது. கச்சேரிக்குப் போனால் நம் பிள்ளையின் குழு வாசித்து முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். கடைசி வரை இருங்கள். மற்றவர் பிள்ளைகளுக்கும் கை தட்டுங்கள். வெளியே வரும்போது டைரக்டரிடம் ஒரு நன்றி சொல்லுங்கள். அவர் நம் பிள்ளையை நான்கு ஆண்டு அருகிலிருந்து பார்ப்பவர். கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத அவரைவிட நம் பிள்ளையை அறிந்த ஆசிரியர் வேறு யார்?

பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட வீட்டுக்காரர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இதே அழைப்புதான். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் ஊர் ஹைஸ்கூலில் வசந்தகாலக் கச்சேரி நடக்கும். பல பள்ளிகளில் நுழைவு இலவசம். கட்டணம் இருந்தாலும் மிகக் குறைவு. தெரிந்த பிள்ளை யாரும் மேடையில் இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள். அரங்கு நிறைந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்னும் நன்றாக வாசிப்பார்கள். அரங்கு நிறைந்திருப்பதை ஸ்கூல் போர்டும் கவனிக்கும். இந்த ஆண்டு நம் வாசகர் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் போனீர்கள், என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழ்களில் அந்தக் கடிதங்களை மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்